பேட்டரி மேல் குற்றமில்லை: பழைய பிக்கப்பில் கரண்ட் திருடனைப் பிடித்த அனுபவம்

எங்கள் 2009 மாடல் டீசல் பிக்கப் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். செவ்வாய் இரவு நிறுத்தி ஞாயிறு காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்பதோடு சரி, செல்ஃப் எடுக்காது. ஆள் பிடித்துத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பேட்டரி போய்விட்டது என்றார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு 75 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) புதுசு போட்டேன். மூன்றே வாரம், மறுபடி டிக் டிக்.

இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட் காட்டியது. அப்படியானால் சார்ஜ் ஏறுகிறது, நிற்கும்போதுதான் எங்கேயோ கசிகிறது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் கோத்தேன். (இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.) 0.8 ஆம்பியர்! அப்புறம்தான் கதவு திறந்திருப்பதையும் கேபின் விளக்கு எரிவதையும் பார்த்தேன். கதவைச் சாத்தியதும் 0.41. இந்த மாதிரி வண்டிக்கு 0.05-க்குள் இருக்க வேண்டும். 0.41 என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஏ.ஹெச். போகிறது, நாலு நாளில் பாதி பேட்டரி காலி.

ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவினேன். ஸ்டீரியோ ஃபியூஸில் 0.32-க்கு இறங்கியது. செட் மாட்டியவர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனையும் எப்போதும் கரண்ட் இருக்கும் நேரடி லைனையும் ஒன்றாகவே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்; சாவியை எடுத்தாலும் செட் கரண்ட் இழுத்துக்கொண்டே இருந்தது. சரி, பாக்கி? எல்லா ஃபியூஸையும் உருவியும் அசையவில்லை. இங்கேதான் இரண்டு நாள் போனது.

ஃபியூஸ் பெட்டிக்கே வராத லைன்களும் இருக்கின்றன என்பது பிறகுதான் உறைத்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயர் நேராக பேட்டரிக்குப் போகிறது. மறுநாள் விடியற்காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஆல்டர்நேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து இரும்பெல்லாம் சில்லென்று இருக்க, அது மட்டும் லேசாக வெதுவெதுப்பு. பேட்டரியைக் கழற்றி, அந்த ஒயரை உருவி, நுனியை டேப்பால் மூடிவிட்டு மீட்டரை மறுபடி கோத்தால் 0.02. உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய ஒரு டயோடு தேய்ந்து, பேட்டரி கரண்டைப் பின்வழியாக விட்டுக்கொண்டிருந்தது. சார்ஜ் நன்றாக ஏறியதால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

மாற்று டயோடு பிளேட் கிடைக்கும்வரை ஒரு மாதம், வண்டி நிற்கும்போது பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சில் ஓட்டினேன். வேலை நடக்கும், ஆனால் இன்ஜின் ஓடும்போது யாராவது அதைத் திருகிவிட்டால் மிச்ச டயோடுகளும் போகும். அந்தப் பயத்திலேயே பிளேட் வந்த அன்றே சுவிட்சைக் கழற்றிவிட்டேன்.

பதினாலு மாதம் ஆயிற்று. போன வாரம் ஒன்பது நாள் நின்ற வண்டியில் 12.5 வோல்ட், ஒரே அடியில் எடுத்தது. கடையில் கொடுத்துவிட்டு வந்த அந்தப் பழைய பேட்டரியை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.