யாரை வாருவது: தன்னையா, போட்டியாளரையா?

விளம்பரத்தில் சிரிக்கவைக்கத் தன்னையே வாரிக்கொள்வதில், அதாவது கிண்டலடித்துக்கொள்வதில், ஆபத்து குறைவு, ஆனால் சரக்கு வேண்டும். 1960-இல் ஃபோக்ஸ்வாகன் தன் கார் படத்துக்குக் கீழே ‘லெமன்’ என்று ஒரே சொல் போட்டது. அமெரிக்கப் பேச்சில் அதற்கு ஓட்டை வண்டி என்று பொருள். அடியில் படித்தால், டேஷ்போர்டு பெட்டியின் குரோம் பட்டையில் சிறு குறை இருந்ததால் பரிசோதகர் அந்த வண்டியைக் கழித்துவிட்டார் என்றிருக்கும். சிரிப்பு தலைப்பில், ஆதாரம் அடியில். ஆதாரத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது அசிங்கம்தான்.

போட்டியாளரை வாரினால் சட்டென்று கவனம் கிடைக்கும். கூடவே அவர் பெயரும் நம் செலவில் பரவும். ஒப்பீடு பிசகினால் வழக்கு வரலாம். சின்னவர் பெரியவரைச் சீண்டினால் ரசிப்பார்கள், தலைகீழானால் திமிர் என்பார்கள்.

என் ஓட்டு முதலாவதற்கே. எதுவானாலும், விளம்பரத்தைக் காட்டிவிட்டு மறுநாள் கேளுங்கள்: ஜோக் நினைவிருந்து பிராண்டு மறந்திருந்தால், திரும்ப எழுதுங்கள்.