அடையார்ல படிச்ச போர்ச்சுகீஸ் கிளாஸ்: சாவ் பாவ்லோல ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்து எழுதுற ரிவியூ

கம்பெனி பிரேசில் அனுப்புது, போலாமா வேணாமான்னு கேட்டு இந்த மாசம் மட்டும் மூணு பேர் மெசேஜ் பண்ணிட்டாங்க. சம்பளம் எவ்ளோ, சேஃப்டி எப்படி, வெஜ் சாப்பாடு கிடைக்குமா, இதான் எல்லாரும் கேக்குறது, அங்க பேசுற போர்ச்சுகீஸ் பாஷையைப் பத்தி ஒருத்தர் கூட கேக்கல. அதனால தான் நான் கிளம்புறதுக்கு முன்னாடி படிச்ச கிளாஸைப் பத்தி எழுதுறேன். அடையார் இந்திரா நகர்ல ஒரு மேடம் அவங்க வீட்டு மாடில நடத்துறாங்க, போர்டு எல்லாம் கிடையாது, பேர் போட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. வாரம் ரெண்டு நாள், நாலு மாசம், மொத்தம் 16,000 ரூபா குடுத்தேன்.

முதல் நாள் மேடம் போர்டுல ஒரு எழுத்து கூட எழுதல. ஜன்னலைக் காட்டி ஜனெலான்னாங்க. மேசையைத் தட்டி மேசா. கையில இருந்த சாவியை ஆட்டி ஷாவி. அலமாரி வந்து அர்மாரியு. போர்ச்சுகீஸ்காரங்க கூட கப்பல்ல வந்த வார்த்தைங்க எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளயே தான் இருக்கு, இதை புது பாஷைன்னு நினைச்சு பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. எனக்கு இருந்த பயத்துல பாதி அன்னிக்கே போயிடுச்சு. அப்புறம் சாவ் பாவ்லோல விலா மரியானாங்கற ஏரியால வாடகை வீடு பாக்கப் போனப்ப, அந்த பில்டிங்கைப் பாத்துக்கற பெரியவர் ரூம் ரூமா காட்டிக்கிட்டே சாவியை என் கையில குடுத்து "ஷாவி"ன்னார், நான் "ஜனெலா திறக்குமா"ன்னு கேட்டேன், மனுஷன் மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமும் தண்ணி வரலைன்னாலும் கேஸ் தீர்ந்தாலும் அவர் தான் எனக்கு எல்லாம்.

இப்போ குறை. மேடம் கோவால படிச்சவங்க, அவங்க வச்சிருக்க புக் போர்ச்சுகல் போர்ச்சுகீஸ். பஸ்ஸுக்கு அதுல ஒரு வார்த்தை, பிரேசில்ல ஓனிபுஸ். அன்னாசி நம்ம வார்த்தை தானேன்னு தைரியமா போய் கேட்டா அங்க அதுக்கு அபகஷின்னு பேரு. வார்த்தையை விடுங்க, அது ஒரு வாரத்துல பழகிடும், உச்சரிப்பு தான் ஆளைக் கவுக்கும். குட் மார்னிங்குக்கு எழுதுறது போம் தியா, பேசுறது போம் ஜீயா, பாலுக்கு எழுதுறது லெய்தே, சாவ் பாவ்லோல காதுல விழறது லெய்ச்சி. நான் பேசுறது அவங்களுக்கு புரியும், அவங்க திருப்பி பேசுறது எனக்கு புரியாது, முதல் ரெண்டு மாசம் இப்படியே போச்சு. கிளாஸ்ல பிரேசில் ஆளுங்க பேசுற ஆடியோவை வாரம் ஒரு மணி நேரம் போட்டிருந்தாலே போதும், இவ்ளோ கஷ்டம் இருந்திருக்காது.

இன்னொண்ணு, அன்றாடம் தேவைப்படுற வார்த்தை எதுவும் சொல்லித் தரல. அங்க எல்லாத்துக்கும் சி.பி.எஃப் நம்பர், 11 இலக்கம், நம்ம ஊர் பான் மாதிரி, ஆனா பான் கேக்காத இடத்துல கூட கேப்பாங்க, மெடிக்கல் ஷாப்ல டிஸ்கவுன்ட்டுக்கு, சூப்பர் மார்க்கெட் பில்லுக்கு, சிம் கார்டுக்கு, எல்லாத்துக்கும். நம்ம ஜிபே மாதிரி அங்க பிக்ஸ்னு ஒண்ணு, 2020 நவம்பர்ல அவங்க சென்ட்ரல் பேங்க் கொண்டு வந்தது, ரோட்டுக்கடைல கூட ஓடும். வாடகைக்குன்னா ஃபியதோர் கேப்பாங்க, அதாவது அங்க சொந்த வீடு இருக்கற ஒருத்தர் நமக்கு ஜாமீன் நிக்கணும், புதுசா போற நமக்கு யார் நிப்பா? அது இல்லன்னா அட்வான்ஸ், ஆனா சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. நம்ம ஊர்ல பத்து மாச அட்வான்ஸ் குடுத்துப் பழகின எனக்கு இது பெரிய நிம்மதியா இருந்துச்சு. விளம்பரத்துல போடுற வாடகை மட்டும் கணக்கு இல்ல, மெயின்டனன்ஸும் வீட்டு வரியும் பெரும்பாலும் நம்ம தலையில தான், கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

சாப்பாடு. கார்னின்னா கறி. "கார்னி இல்லாம"ன்னு கேட்டா நான்வெஜ் இல்லாமன்னு அவங்க எடுத்துக்க மாட்டாங்க, கார்னின்னா பெரும்பாலும் மாட்டுக்கறி தான் மனசுல, அதனால சிக்கனோ, ஹேம்னு சொல்ற பன்னிக்கறியோ போட்டு சிரிச்ச முகமா கொண்டு வந்து வைப்பாங்க. மாட்டுக்கறி வேணாம், கோழி வேணாம், ஹேம் வேணாம், மீன் வேணாம்னு தனித்தனியா சொல்லணும். எடை போட்டு காசு வாங்குற ஹோட்டல் நிறைய இருக்கு, தட்டுல நாமளே எடுத்துக்கலாம், சோறும் காய்கறியும் எப்பவும் இருக்கும், ராஜ்மா மாதிரி வைக்கிற பீன்ஸ்ல மட்டும் பன்னிக்கறி கிடக்குதான்னு பாத்துக்கங்க.

வாரத்துல ஒரு நாள் எங்க தெருவுக்கு பக்கத்துல சந்தை போடுவாங்க, ஃபேய்ரான்னு பேரு. நான் முதல் தடவை போனப்ப ஒரு பாட்டி பச்சையா சொரசொரன்னு ஒரு காயை அடுக்கிட்டு இருந்தாங்க. என்னதுன்னு கேட்டேன். "ஷுஷு"ன்னாங்க. பாத்தா நம்ம சௌசௌ! அப்படியே அடுத்த கூடைல வெண்டைக்காய், அதுக்கடுத்து மரவள்ளிக்கிழங்கு, கடைசில கரும்பு ஜூஸ் மெஷின். அங்கேயே நின்னு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்க காலை எட்டுன்னா இங்க சாயங்காலம் நாலரை, அம்மா காபி குடிச்சுக்கிட்டே கூட்டு எப்படி வைக்கணும்னு சொன்னாங்க. பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவுல நான் தான் மொழிபெயர்ப்பு, பாட்டி ரெண்டு காய் சும்மாவே போட்டாங்க. இந்த மாதிரி ஒரு காலைக்கு எந்த சம்பளமும் ஈடு இல்ல, பாஷை தெரியலைன்னா அந்த காலை நடந்தே இருக்காது.

பையனுக்கு ராத்திரி காது வலி வந்து கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினேன். மூணு மணி நேரம் காத்திருந்தோம், அது உண்மை. ஆனா டாக்டர் பொறுமையா பாத்தார், கிளம்பும்போது பில் எங்க கட்டணும்னு கேட்டா அந்த நர்ஸுக்கு கேள்வியே புரியல. சூஸ்னு சொல்ற அந்த அரசு மருத்துவம் வெளிநாட்டுக்காரங்களுக்கும் இலவசம். வருஷத்துக்கு 30 நாள் லீவு, டிசம்பருக்குள்ள 13வது சம்பளம், லோக்கல் கான்ட்ராக்ட்ல போனா இதெல்லாம் சட்டப்படி உண்டு, சேத்துப் பேரம் பேசுங்க.

சேஃப்டி கேட்டீங்கல்ல, ரோட்ல போனை வெளிய எடுக்காதீங்க. அவெனிடா பவுலிஸ்டால சைக்கிள்ல வந்து பிடுங்கிட்டுப் போறாங்க, என் கூட வேலை பாத்த பொண்ணுக்கு என் கண்ணு முன்னாடியே நடந்துச்சு. அதே ரோட்டை ஞாயித்துக்கிழமை கார் இல்லாம மூடி விடுவாங்க, குழந்தைங்க நடு ரோட்ல ஸ்கேட் பண்ணும், பாட்டு ஓடும், ரெண்டும் ஒரே ரோடு தான்.

எனக்குத் தாங்க முடியாதது தூரம் மட்டும் தான். அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்ப நான் சென்னை வந்து சேர 30 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, நேர் ஃப்ளைட் கிடையாது, துபாய்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். திரும்பி வந்ததுக்கு அது தான் காரணம், ஊர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. வயசான பெத்தவங்க தனியா இருந்தா நல்லா யோசிங்க, இல்லன்னா தைரியமா போங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசியை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க, அந்த சர்டிஃபிகேட் இல்லாம பிரேசில்ல இருந்து இந்தியா திரும்பினா தனியா அடைச்சு வைப்பாங்க.

கிளாஸுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார். போன வாரம் மேடத்தைப் பாத்து இந்த குறையெல்லாம் நேர்லயே சொன்னேன், கோபப்படாம நோட்ல எழுதிக்கிட்டாங்க. அடுத்த பேட்ச்ல இருந்து சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பிரேசில் உச்சரிப்பு சொல்லித் தர முடியுமான்னு கேட்டாங்க, சரின்னு சொல்லியிருக்கேன். பையனும் வரேன்னு நிக்கிறான், அவன் உச்சரிப்பு என்னோடதை விட நல்லா இருக்கும்.