டெக்மோ சூப்பர் பவுல்: எட்டு வியூகங்களில் ஒரு முழு ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்தை வீடியோ விளையாட்டாக ஆட விரும்பும் எவருக்கும் நான் முதலில் கையில் கொடுக்கும் கேசட், டெக்மோ நிறுவனம் 1991 டிசம்பரில் வட அமெரிக்காவில் வெளியிட்ட ‘டெக்மோ சூப்பர் பவுல்’ ஆகும். நின்டெண்டோவின் 8 பிட் கருவிக்காக எழுதப்பட்ட இந்த விளையாட்டை, நியூ ஜெர்சியில் பழைய கேசட்டுகள் விற்கும் கடை ஒன்றில் வாங்கி, கடந்த சில மாதங்களாக ஞாயிறு மாலைகளில் என் மைத்துனருடன் ஆடி வருகிறேன். இதற்குப் பின் வந்த பல விளையாட்டுகள் வீரரின் வியர்வைத் துளியைக்கூடக் காட்டுகின்றன. ஆனாலும் இரண்டு பேர் அருகருகே அமர்ந்து ஒருவர் மனத்தை ஒருவர் படிக்கும் இன்பத்தை இந்த அளவுக்கு அவை எனக்குத் தந்ததில்லை.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும், தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் என்னும் வீரர் அதைத் தூரத்தில் நிற்கும் தம் அணியினருக்கு எறியலாம். எதிரணி எதை எதிர்பார்க்கிறது என்பதைக் கணித்து அதற்கு மாறாகச் செய்வதுதான் இதன் சாரம். அந்தச் சாரத்தை இந்தக் கேசட் சிந்தாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஒவ்வொரு முறை பந்து நகரும் முன்பும் தாக்கும் அணி எட்டு வியூகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அவற்றில் நான்கு ஓட்டம், நான்கு எறிதல். தடுக்கும் அணியும் அதே எட்டைப் பார்த்து, எதிராளி எதை எடுத்திருப்பார் என்று ஊகித்து ஒன்றை அழுத்துகிறது. ஊகம் சரியாக அமைந்துவிட்டால், தடுப்பவர்கள் அணையை உடைத்த வெள்ளம்போல் முன்வரிசையைப் பிளந்துகொண்டு பாய்வார்கள். பந்தை வைத்திருப்பவர் தப்புவது அரிது. 1989-இல் அதே கருவிக்கு வந்த முந்தைய ‘டெக்மோ பவுல்’ விளையாட்டில் நான்கே வியூகங்கள் இருந்ததால், நான்கில் ஒரு முறை குருட்டு அதிர்ஷ்டத்திலேயே ஊகம் பலித்துவிடும். எட்டாக உயர்த்தியதும் அதிர்ஷ்டம் குறைந்து, எதிராளியின் பழக்கத்தைக் கவனிப்பதற்கு மதிப்புக் கூடிவிட்டது. மேலும், இந்த எட்டு இடங்கள் ஒவ்வொன்றுக்கும் எட்டு மாற்றுகள் உள்ளன. ஆக மொத்தம் 64 வியூகங்களிலிருந்து நம் அணிக்கான எட்டை நாமே அமைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வாய்ப்பில் நெருக்கடி வரும்போதெல்லாம் என் மைத்துனர் வலப்புற ஓட்டத்தையே நாடுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று; நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே ஆட்டம் போதுமானதாக இருந்தது.

பந்தை வைத்திருப்பவரை எதிரணி வீரர் பிடித்தவுடன் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை என்பது இன்னொரு சிறப்பு. கபடியில் பிடிபட்ட பிறகும் கோட்டை நோக்கி இழுத்துச் செல்வதைப்போல, இங்கும் இருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். பொத்தானை வேகமாகத் தட்டுபவர் மற்றவரை உதறிவிடலாம். வீரரின் உடல் வலிமையும் இதில் கணக்கில் வருகிறது. நைஜீரியாவில் பிறந்து, வட்டு எறியும் வீரராக அமெரிக்கா வந்து, பின்னர் கான்சஸ் சிட்டி அணியின் ஓட்ட வீரரான கிறிஸ்டியன் ஒகோயேவுடன் மோதும் தடுப்பாளர்கள் இந்த விளையாட்டில் தெறித்து விழுவதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பின் உரிமமும் வீரர் சங்கத்தின் உரிமமும் ஒருசேரப் பெற்ற விளையாட்டு இது. முந்தைய கேசட்டில் 12 அணிகள் ஊர்ப் பெயர்களோடு மட்டும் நின்றன. இதில் அன்றைய 28 அணிகளும் தத்தம் முழுப் பெயரோடு வருகின்றன. 1990-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒவ்வொரு வீரரும் எப்படி ஆடினார் என்பதைக் கொண்டு திறன்கள் வகுக்கப்பட்டுள்ளன. எல்லா அணிகளையும் சமமாக்கித் தரும் முயற்சி எதுவும் இதில் இல்லை. வல்லவர் வல்லவராகவே இருக்கிறார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தடுப்பாளர் லாரன்ஸ் டெய்லரைத் திரையில் இயக்குபவர், எதிரணிக் குவார்ட்டர்பேக்கை மூச்சுவிட விடமாட்டார்.

வல்லவர்களில் முதல்வர் லாஸ் ஏஞ்சலஸ் ரெய்டர்ஸ் அணியின் ஓட்ட வீரர் போ ஜாக்சன். அவருடைய உச்ச வேகத்துக்குத் தரப்பட்ட மதிப்பு 75. அவர் பக்கவாட்டில் ஒரு வளைவு வளைந்து ஓடத் தொடங்கினால், துரத்துபவர்கள் திரையின் விளிம்பில் பின்தங்கி மறைந்துபோவார்கள். உண்மை வாழ்வில், 1991 ஜனவரி 13 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய இடுப்பு மூட்டு சிதைந்தது. அதன்பின் அவர் அமெரிக்கக் கால்பந்துக் களத்தில் இறங்கவே இல்லை. இந்தக் கேசட்டிலோ 1991-ஆம் ஆண்டுப் பருவத்தின் அட்டவணை முழுவதும் அவர் காத்திருக்கிறார். ஆடாமல்போன அந்த 16 ஆட்டங்களையும் அவரைக் கொண்டு ஆடி முடித்தபோது, ஒரு மனிதருக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததுபோல் நெகிழ்ந்தேன்.

வீரர் சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற சிலரின் பெயர்கள் மட்டும் இதில் இல்லை. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் ராண்டல் கனிங்ஹாம் ‘கியூபி ஈகிள்ஸ்’ என்றும், பஃபலோ பில்ஸ் அணியின் ஜிம் கெல்லி ‘கியூபி பில்ஸ்’ என்றும் வருகிறார்கள்; ‘கியூபி’ என்பது குவார்ட்டர்பேக் என்பதன் சுருக்கம். 1991 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்தில் 20-க்கு 19 என்று ஒரே புள்ளியில் தோற்ற பஃபலோ அணியின் தலைமகன் கெல்லியைப் பெயரில்லாமல் ஆடுவது வருத்தமே.

குறைகளும் உண்டு. ஒரே வரிசையில் பல வீரர்கள் திரளும்போது அந்தப் பழைய கருவியால் தாங்க முடியாமல் உருவங்கள் மினுக்குகின்றன. எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டிய வீரர் பல நேரங்களில் திரைக்கு வெளியே இருப்பதால், அவரை எதிரணியினர் சூழ்ந்திருக்கிறார்களா என்பது பந்து பறந்த பிறகே தெரிகிறது. கணினிக்கு எதிராகப் பருவம் முழுவதும் ஆடுவோருக்கு இன்னொரு சோதனை: நம் வெற்றிகள் சேரச் சேர, எதிரணிகள் தங்கள் இயல்பான திறனை மீறி வலுப்பெறுகின்றன. வீரரின் திறனை இவ்வளவு நேர்மையாக மதித்த விளையாட்டு, இந்த ஓரிடத்தில் அந்த நேர்மையைக் கைவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

வாங்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியது பேட்டரி. ஒவ்வொரு வீரரும் ஓடிய கெஜங்கள், பிடித்த பந்துகள் என்று பருவத்தின் கணக்கு முழுவதையும் கேசட்டின் உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு சிறு பேட்டரிதான் காத்து நிற்கிறது. முப்பது ஆண்டுகளைக் கடந்த அந்தப் பேட்டரி எப்போது வேண்டுமானாலும் அடங்கிவிடலாம். நான் முதலில் வாங்கிய பிரதியில் பேட்டரி மாற்றப்பட்டுவிட்டதாகக் கடைக்காரர் உறுதி சொன்னார். ஒன்பதாவது வாரத்தில் கணக்கு முழுவதும் அழிந்த பிறகு திறந்து பார்த்தால் பழைய பேட்டரியே இருந்தது. ஆகவே கடையிலேயே ஓர் ஆட்டத்தைச் சேமித்து, கருவியை அணைத்து, மீண்டும் இயக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீரர்களை இயக்கும் பொத்தான்கள் உள்ள கைப்பிடிகள் இரண்டு வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; தோற்றவர் மறு ஆட்டம் கேட்பார் என்பதால், மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.