கரண்ட் போனால் தானே ஓடும் லித்தியம் ஏர் பம்ப்: பெங்களூரு மீன் தொட்டிக்கு உதவுமா?

தாராளமாக வாங்கலாம். 2 அடித் தொட்டிக்கு ஒன்று போதும், 3 அடிக்கு மேல் இரண்டு வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

சிவாஜி நகர் வளர்ப்பு மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடும் உள்ளங்கை அளவு பம்ப் இது. உள்ளே 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, வெளியே ஒன்று அல்லது இரண்டு காற்று வாய், மொபைல் சார்ஜரில் சொருகும் ஒயர். சுவிட்சை ‘ஆட்டோ’வில் வைத்துவிட்டால், கரண்ட் இருக்கும் வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டு சும்மா இருக்கும், கரண்ட் போன நொடியில் ஓடத் தொடங்கும். இதற்காகவே காசு கொடுக்கலாம். ஏப்ரல், மே மழையில் மரக்கிளை ஒயர் மேல் விழுவது பெரும்பாலும் சாயங்காலம். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவது பகலில், வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில். டார்ச் செல் போட்டு, கையால் சுவிட்ச் தட்டும் பழைய பம்ப் மலிவுதான். ஆனால் தட்ட ஆள் வேண்டுமே.

குளிர்ந்த ஊர், தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. 900 மீட்டருக்கு மேல் இருக்கும் உயரம் அந்த லாபத்தைத் தின்றுவிடுகிறது. கடல் மட்டத்தில் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், இங்கே அதே சூட்டில் சுமார் 7.4தான். சென்னையின் 30 டிகிரித் தண்ணீரில் 7.5 இருக்கும். ஆகவே கோல்டு ஃபிஷ், ஆஸ்கர் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும். ஃபைட்டரும் கௌராமியும் வெளிக்காற்றை நேராகச் சுவாசிப்பவை, அவற்றுக்கு அவசரமில்லை. செடிகள் அடர்ந்த தொட்டிக்கு இரவுதான் ஆபத்து, விளக்கில்லாத நேரத்தில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.

இனி மணிக்கணக்கு. 4000 மில்லியாம்ப்-மணி (mAh) பேட்டரி என்றால் உள்ளே இருப்பது 14.8 வாட்-மணி. மோட்டார் ஒன்றரை வாட் எடுத்தால் தொடர்ந்து ஓடுவது 10 மணி நேரத்துக்குள். 40 மணி நேரம் என்று போட்டிருந்தால் அது விட்டு விட்டு ஓடும் முறையின் கணக்கு. அந்த முறையும் மோசமில்லை, மீன் குறைவாக உள்ள தொட்டிக்குப் போதும். நெருக்கடியான தொட்டிக்குத் தொடர் ஓட்டம்தான். வாங்கியதும் முழுசாக சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். எப்போதும் நிறைந்தே கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதி வரை ஓடவிட்டு மறுபடி ஏற்றினால், அது தளர்ந்துவருவதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பலர் தவறுவது பம்பை எங்கே சொருகுவது என்பதில். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்டில் சொருகினால், கரண்ட் போனது பம்புக்குத் தெரியவே தெரியாது. ஃபில்டர் சாதா லைனில் நின்றுபோயிருக்கும், பம்ப் சார்ஜ் ஏறிக்கொண்டு சும்மா கிடக்கும். மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் ஃபில்டரின் ஃபேஸ் மட்டும் போய், பம்ப் வேறு ஃபேஸில் இருந்தாலும் இதே கதிதான், ஹாலில் விளக்கு எரியும், தொட்டி செத்திருக்கும். ஃபில்டர் சொருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பம்பையும் சொருகுங்கள். டைமர் வைத்த விளக்கோடு மட்டும் சேர்க்க வேண்டாம், ஒவ்வொரு இரவும் விளக்கு அணையும்போது பம்ப் ஓடி பேட்டரியைக் காலி செய்துவிடும்.

கூடவே வரும் ஏர் ஸ்டோனை (காற்றைக் குமிழியாக்கும் கல்) கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டுவது இன்னும் நல்லது. மீனுக்குக் காற்று கிடைப்பதோடு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் பிழைக்கும். அந்த ஸ்பாஞ்ச் எப்போதும் தொட்டிக்குள் வேலை செய்துகொண்டே இருந்திருக்க வேண்டும், புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்காது. அதற்கு வழி, சாதாரண ஏர் பம்பையும் இதையும் ஒரு டி-ஜாயிண்டில் சேர்த்து, இரண்டு பம்ப் பக்கமும் காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒவ்வொன்று போடுவது. வால்வு இல்லையென்றால் ஒரு பம்பின் காற்று மற்றதன் வழியே வெளியேறும், ஓடாத பம்புக்குள் ட்யூப் வழியாகத் தண்ணீரும் இறங்கும். வால்வுக்கு ஒரு திசைதான், பம்ப் பக்கம் வாய் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கம் வாய் வைத்து ஊதினால் போகக் கூடாது.

பம்பின் பலவீனம் ஆழம். 18 அங்குல ஆழத்துக்குக் கல்லை இறக்கினால் பல பம்புகளில் குமிழி மெலிந்துவிடும். பாதி ஆழத்தில் தொங்கவிடுங்கள். மேற்பரப்பு அசைந்தால்தான் ஆக்சிஜன் இறங்கும், தரையைத் தொட வேண்டியதில்லை.

ஏற்கெனவே பவர் பேங்க் இருப்பவர்கள் பேட்டரி இல்லாத யுஎஸ்பி பம்பை இன்னும் குறைந்த விலைக்கு வாங்கலாம். 10,000 மில்லியாம்ப்-மணி பவர் பேங்கில் 1 வாட் பம்ப் ஒரு முழு நாள் தாண்டும். ஆனால் கரண்ட் இழுப்பு ரொம்பக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் யாரும் இல்லை என்று நினைத்து அணைந்துவிடும். வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபைக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் டிசி பம்ப் போடுவதும் நல்ல ஏற்பாடு, தானே மாறிக்கொள்ளும்.

இந்தப் பம்ப் செய்யாத வேலைகளும் உண்டு. ஹீட்டருக்கு இது மாற்றில்லை. டிசம்பர், ஜனவரி இரவில், வெதுவெதுப்பான தண்ணீர் தேவைப்படும் டிஸ்கஸ் மீன் வைத்திருப்பவர்கள் தொட்டியைப் போர்வையால் சுற்ற வேண்டும், மேலே காற்று போக இடம் விட்டு. கரண்ட் இல்லாதபோது தீனி போடக் கூடாது. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அது தானே ஓடத் தொடங்காதபடி முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் கொட்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதில் அலசினால் மிச்ச பாக்டீரியாவும் போய்விடும்.

கடையில் வாங்கும்போது ஒரு பக்கெட் தண்ணீர் கேளுங்கள். கல்லை ஓரடி ஆழத்தில் போட்டு, ஒயரைப் பிடுங்கி, ஆட்டோவில் தானே ஓடுகிறதா, இரண்டு வாயிலும் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.