ரெய்கி மையத்தில் ஒரு மணி நேரம்

கழுத்து வலிக்கு நல்லது என்று ஆபீஸில் சொன்னார்கள் என்பதற்காக, மசாஜ் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எங்கள் ஏரியா ரெய்கி மையத்துக்குப் போனேன். கை வைத்தே உடம்புக்குள் ஒரு சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் முறைதான் ரெய்கி. மசாஜெல்லாம் இல்லை. சட்டையைக்கூடக் கழற்ற வேண்டாம், எண்ணெயும் கிடையாது, பிடித்துவிடுவதும் கிடையாது. மல்லாக்கப் படுக்கச் சொல்லிவிட்டு அங்கே ரெய்கி செய்யும் அம்மா உள்ளங்கைகளை நெற்றி, காது, தொண்டை, வயிறு என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் லேசாக வைத்து எடுத்தார், சில இடங்களில் தொடாமல் இரண்டு விரற்கடை மேலேயே நிறுத்திக்கொண்டார். கை வெதுவெதுப்பாக இருந்தது. பாதியில் குறட்டை விட்டிருக்கிறேன்.

சுவரில் 'திபெத்தின் 5,000 ஆண்டுக் கலை' என்று போர்டு. தப்பு. ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922-இல் தொடங்கியது இது; வெளியே பரப்பியவர் ஹவாயில் பிறந்த ஹவாயோ தகாட்டா. மதம் மாற்றும் வேலையும் இல்லை, என் மாமியார் பயந்த மாதிரி யாரும் ஆவியைக் கூப்பிடவில்லை.

கடுப்பானது கிளம்பும்போதுதான். "பத்து சிட்டிங் வாங்க சார், சுகர் மாத்திரையே தேவைப்படாது" என்றான் வரவேற்பில் இருந்த பையன். உடம்பில் பாய்கிறதாகச் சொல்லும் அந்தச் சக்தியை எந்தக் கருவியும் அளந்ததில்லை, நோய் குணமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் கிடையாது. பொறுப்பாகச் செய்கிற ரெய்கிக்காரர்களே மருந்தை நிறுத்தாதே என்றுதான் சொல்வார்கள்.

1,200 ரூபாய். அன்று ராத்திரி நல்ல தூக்கம், மறுநாள் சாயங்காலம் கழுத்து பழையபடி. இரண்டு நட்சத்திரம், அதுவும் அந்த அம்மாவுக்காக.