வெட்பாலைத் தைலம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கு வெட்பாலைத் தைலத்தைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பூசி வருகிறேன். செதிலும் அரிப்பும் இதனால் எனக்கு நன்றாகத் தணிகின்றன. ஆனால் நோய் வேரோடு போய்விடவில்லை. பனிக்காலத்தில் முழங்கையிலும் உச்சந்தலையிலும் படை மறுபடியும் தலைகாட்டத்தான் செய்கிறது.

தைலத்தை வீட்டிலேயே தயாரிக்கிறோம். பால் கசியும் பச்சை இலைகளைக் கையால் கிள்ளிக் கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, மூழ்கும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வைத்தால், சில நாட்களில் எண்ணெய் கருஊதா நிறத்துக்கு மாறிவிடும். முற்காலத்தில் துணிக்கு நீலச் சாயம் எடுத்த இலை இது என்பதால், தலையணை உறையில் பட்ட கறை எத்தனை முறை துவைத்தாலும் முழுமையாகப் போவதில்லை. இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டு நாறும். துடைத்து உலர்த்திய பிறகே இட வேண்டும்.

குளிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் பூசி ஊறவிட்டால், வெள்ளிப்பூச்சு போன்ற செதில் இளகி, சுரண்டாமலேயே உதிர்கிறது. சாதாரணமாக ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும் தோல் புதுப்பிப்பு, நோயெதிர்ப்பு மண்டலத்தின் தூண்டுதலால் இந்நோயில் சில நாட்களிலேயே நடந்துவிடுவதால்தான் செதில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. தணிவில் எவ்வளவு பங்கு இலையுடையது, எவ்வளவு தோலின் ஈரத்தைக் காக்கும் எண்ணெயுடையது என்பதை என் தோலை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் நான் பூசுவதில்லை.

இதே தைலம் புற்றுநோய்க் கட்டியையும் கரைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. தாவரத்துக்கு அந்த ஆற்றல் இல்லவே இல்லை என்று நான் கூறவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து கனடாவில் 1958இல் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டினும், அதே செடியின் வின்கிறிஸ்டினும் இன்றும் புற்றுநோய் சிகிச்சையில் உள்ளன. ஆயினும் அவை மில்லிகிராம் கணக்கில், ரத்தப் பரிசோதனையுடன் ரத்தக் குழாய் (சிரை) வழியே ஏற்றப்படுபவை. அந்த இலையை அரைத்துக் குடிப்பது நஞ்சாகலாம். தோலின் மேல் பூசுவதுதானே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. யூபோர்பியா வகைச் செடி ஒன்றின் பாலிலிருந்து கிடைத்த இன்ஜெனால் மெபியூட்டேட், வெயிலால் உண்டாகும் தோல் தடிப்புகளுக்கு 2012இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பூசிய இடத்திலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும் என்ற கவலையால் 2020இல் அங்கு சந்தையிலிருந்து விலகியது.

ஆகவே ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம், வளரும் கட்டி ஆகியவற்றின் மீது இதைப் பூசி நாள் கடத்த வேண்டாம். தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் காலையில் விரல் மூட்டுகள் வீங்கி மடக்க முடியாமல் போனாலும் அப்படியே, ஏனெனில் மூட்டை அரிக்கும் அந்த அழற்சியைப் பூச்சுத் தைலம் எட்டுவதில்லை.