நீலகிரிச் சோலைக்கிளியா, வெண்வயிற்றுச் சோலைக்கிளியா?

பெயரில் கிளி இருந்தாலும் கிளியினம் அல்ல; இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரிய, சோலை எனப்படும் மலைக்காடுகளில் வாழும் சிறு பறவைகள். ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், கருநீல முதுகு, நிழலடர்ந்த புதரடி வாழ்க்கை. பிறந்த சோலையைவிட்டு அதிக தூரம் போகாதவை. அதனால்தான் இடத்தை வைத்தே பாதி விடை கிடைத்துவிடுகிறது: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, உதகைப் பக்கம் பார்த்தால் நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே ஆனைமலை, கொடைக்கானல் என்றால் வெண்வயிறு.

மீதியை விலாப்புறம் சொல்லும். நீலகிரிச் சோலைக்கிளிக்கு அது செம்பழுப்பு. வெண்வயிற்றில் சாம்பல்நீலம், நடுவயிறு வெள்ளை. நீலகிரிக்கும் நடுவயிறு வெளுப்புதான் என்பதால் வயிற்றை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறும். புருவத்தையும் பாருங்கள்: வெண்வயிற்றுக்குப் பளிச்சென்ற வெள்ளை, நீலகிரிக்கு மங்கல். முதுகு மட்டும் தெரியும் படம் உதவாது, பக்கவாட்டில் எடுங்கள்.

விடியலிலும் அந்தியிலும் சோலையோரப் பாதையில் அசையாமல் நின்றால் தரையில் இரை தேட வெளியே வரும். பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்கவே வேண்டாம். எல்லையைக் காக்க ஓடிவந்து கூட்டை மறந்துவிடும்.

அழியும் ஆபத்து நீலகிரிச் சோலைக்கிளிக்கே அதிகம். இடையில் தேயிலையும் சீகை (வாட்டில்) மரமும் வந்துவிட்டால், துண்டுபட்ட சோலைகளுக்குள் இரண்டுமே அடைபட்டுவிடுகின்றன.